பங்கசின் பசியும் பயிரின் நோயும்

மார்கழிப் பனி நெல்லின் இலைகளில் திரண்டு நிற்கும் காலை வேளையில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயல்களிலும், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள முல்லைத்தீவு வயல்களிலும், காலபோகப் பயிரைக் கமக்காரர் உற்று நோக்குவர். சாம்பல் நிற நடுவும் கபில நிற விளிம்பும் உடைய, கண்போன்ற புள்ளிகள் இலையிலே தோன்றின் அவர் உள்ளம் துணுக்குறும். எரிபந்தம் என்பது அந்நோயின் பெயர். தமிழ்நாட்டார் அதனைக் குலைநோய் என்பர். கதிரின் கழுத்தை அது பற்றிவிடின் நெல்மணி பதராய்ப் போகும்.

பயிர் செழிக்கவேண்டுமென்று யூரியாவை அள்ளி வீசிய வயலிலேயே இந்நோய் கடுமையாவது ஏன்? இதற்கு விடை காண, நோயை விளைவிக்கும் பங்கசின் உணவு முறையை அறிதல் வேண்டும்.

நைதரசன் இன்றேல் புரதம் இல்லை. புரதம் இன்றேல் உயிர் இல்லை. பங்கசுக்கும் இது பொருந்தும். அமோனியாவும் குளுற்றமினும் அதற்கு எளிதிற் கிடைக்கும் உணவுகள். அவை உள்ளவரை, நைத்திரேற்று முதலிய கடினமான உணவுகளைப் பயன்படுத்துதற்குரிய பரம்பரையலகுகளை அது உறங்க வைத்திருக்கும். எளிய உணவு தீர்ந்ததும், 'நட் 1' என்னும் தலைமைப் பரம்பரையலகின் புரதம் அவற்றைத் தட்டி எழுப்பும். வீண் செலவு செய்யாத இல்லத்தரசியின் சிக்கனம் இது.

பனித்துளியோடு இலைமேல் வந்து தங்கும் வித்திக்கு அங்கே உணவு அரிது. நைதரசன் குறைந்தவிடத்து, இலையிற் பற்றிக்கொள்ள உதவும் நீரொட்டாப் புரதமொன்றின் பரம்பரையலகு ஊக்கம் பெறுகின்றது. பின்னர் அப்பங்கசு, வளியமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு அமுக்கம் கொண்ட சிறு குமிழொன்றை அமைத்து, இலைத்தோலைத் துளைத்து உட்புகும்.

'நட் 1' இனை நீக்கிவிட்டால் நோய் ஒழியுமோ? 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, அதனை இழந்த பங்கசு நைத்திரேற்றை உண்ணமாட்டாததாயினும் நெல்லைத் தாக்கவே செய்தது எனக் காட்டிற்று. ஒரு வாயிலை அடைத்தால் வேறு வாயில் அதற்கு உண்டு.

ஆகவே காவல் வயலிலேதான் தொடங்கவேண்டும். மிகுந்த நைதரசனால் இலைகள் மென்மையுற்று அடர்கின்றன. அடர்ந்த பயிரில் ஈரம் நெடுநேரம் தங்குகின்றது. உட்புகுந்த பகைவனுக்கு விருந்தும் ஆயத்தமாகின்றது. யூரியாவை ஒரே முறையிற் கொட்டாது, விதந்துரைக்கப்பட்ட அளவிற் பகுதி பகுதியாக இடுதலும், நோயெதிர்க்கும் இனத்தை விதைத்தலும், புள்ளி கண்டவிடத்து மேலும் யூரியா இடாது நிறுத்துதலும் நலம் பயக்கும். கரும்பச்சை மட்டும் பயிரின் நலமன்று. அது பகைவனுக்கு விடுத்த அழைப்பாகவும் இருத்தல் கூடும்.