நாயின் டி.என்.ஏ. நீதிமன்றம் ஏறிய கதை

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு பெண் பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். தாக்கியவனை அவரால் அடையாளம் காட்ட முடியவில்லை. ஆனால் அவருடைய நாய், அவன் வந்த வண்டியின் டயரில் காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்திருந்தது. டயரைத் துடைத்தெடுத்த பஞ்சு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலுள்ள கால்நடை மரபணு ஆய்வகத்துக்குப் போனது. டி.என்.ஏ. பொருந்தியது, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். அவற்றில் சில இடங்களில் நான்கெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒரு நாய்க்கு அது 12 முறை வந்தால் இன்னொன்றுக்கு 15 முறை வரலாம். இப்படிப் பல இடங்களில் எடுத்த எண்ணிக்கைகளின் வரிசைதான் அந்த நாயின் அடையாளம். ரத்தத்திலும் எச்சிலிலும் இதை எடுப்பது எளிது. சட்டையிலும் சோபாவிலும் ஒட்டுவதோ பெரும்பாலும் தானாக உதிர்ந்த முடி. அதில் மிஞ்சுவது தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே. ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்; உறவே இல்லாத நாய்களிலும் ஒத்துப்போகலாம். அதை வைத்து ஒரு நாயைச் சந்தேகத்திலிருந்து விலக்கலாம், இதே நாய்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

1996இல் சியாட்டிலில் இருவரும் அவர்களுடைய நாய் சீஃப்பும் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் உடையில் இருந்தது சீஃப்பின் ரத்தம் என்றது ஆய்வு. தண்டனையும் கிடைத்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்ற சான்றுகளே போதும் என்று தண்டனையை நிலைநிறுத்தியது. ஆனால் நாய் டி.என்.ஏ.வைச் சான்றாக ஏற்றது தவறு என்றது. தடயவியலில் அந்த முறை பொதுவாக ஏற்கப்பட்டதாக நிறுவப்படவில்லை என்பது காரணம்.

அந்தக் கண்டிப்பு தேவையானது என்றே நினைக்கிறேன். உயர்சாதி நாய்களை உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்திருக்கிறோம். ஓர் இனத்துக்குள் எது அபூர்வம், எது சாதாரணம் என்று தெரியாமல் "கோடியில் ஒன்று" என்று சொன்னால் ஒரு மனிதனின் வாழ்க்கை போய்விடும். இனவாரியாக நூற்றுக்கணக்கான நாய்களின் தரவு வேண்டும்.

அதே நெருங்கிய உறவு இன்னோரிடத்தில் கைகொடுக்கிறது. சட்டவிரோத நாய்ச்சண்டைக்காரர்களைப் பிடிக்க, 2010இல் விலங்குநல அமைப்புகளுடன் சேர்ந்து டேவிஸ் ஆய்வகம் ஒரு தரவுத்தொகுப்பைத் தொடங்கியது. மீட்ட நாயின் கன்னத்துக்குள் பஞ்சால் தடவி மாதிரி எடுக்கிறார்கள். வெவ்வேறு ஊர்களில் பிடிபட்ட நாய்கள் தாயும் மகனுமாகவோ உடன்பிறப்புகளாகவோ தெரியவந்தால், அவற்றை வளர்த்து விற்றவர்களுக்கு இடையே உள்ள தொடர்பும் அங்கே வெளிப்படுகிறது.