"நல்லா ஆயிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

மனநோய் மருந்து: எது உண்மை, எது புரளி?

"எல்லாம் தூக்க மாத்திரை தான். சாப்பிட்டா மூளை மழுங்கிடும்."

"ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க விட முடியாது."

மனநோய்க்கு மாத்திரை என்றதும் உறவினர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்லும் வார்த்தை இது. இதை நம்பி மாத்திரையை பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

அப்புறம் என்ன ஆகிறது? போன நோய் திரும்பி வருகிறது. சில சமயம் முன்பை விட மோசமாக!

குணமானதும் நிறுத்தலாமா?

தலைவலி போனதும் தலைவலி மாத்திரையை தூக்கி வைத்து விடலாம். இது அப்படி அல்ல. மாத்திரை வேலை செய்வதால் தான் ஆள் நன்றாக இருக்கிறார். சாய்ந்த சுவருக்கு கொடுத்த முட்டை, "சுவர் தான் நிக்குதே" என்று உருவினால் என்ன ஆகும்?

மனச்சோர்வுக்கு முதல் தடவையாக மருந்து சாப்பிடுபவர், குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். பிறகு டாக்டர் அளவை படிப்படியாக குறைத்து நிறுத்துவார். ஆயுள் தண்டனை அல்ல! மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மட்டும் பல வருடம் தேவைப்படலாம்.

"10 நாளாச்சு, ஒண்ணும் கேக்கலை"

மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்து விடும். அதாவது தொல்லை முன்னே, பலன் பின்னே! "மருந்து ஒத்துக்கலை" என்று பலர் விட்டு விடுவது இந்த இடைவெளியில் தான்.

இந்த ஆரம்ப வாரங்களில், 25 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டார் கண்ணும் கருத்துமாக கவனிக்க வேண்டும். தற்கொலை பேச்சு வந்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும்.

போதை மருந்தா?

மனச்சோர்வு மருந்தும், மனச்சிதைவு மருந்தும் போதை தருபவை அல்ல. பழக்கமாகி விடும் ஆபத்து டயசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளில் தான். அதனால் தான் டாக்டர்கள் அவற்றை கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுகிறார்கள். பழைய சீட்டை காட்டி, மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினால் வினை தான்! அவற்றை திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம்.

வெயில் காலத்தில் உஷார்!

பக்க விளைவே இல்லை என்று சொல்ல முடியாது. எடை கூடலாம். கை நடுங்கலாம். டாக்டரிடம் சொன்னால் அளவையோ, மருந்தையோ மாற்றுவார்.

லித்தியம் சாப்பிடுபவர்கள் ரத்த பரிசோதனையை தட்டிக் கழிக்கக் கூடாது. வியர்வை, வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி, விஷம் ஆகி விடும். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரையாலும் ஏறும். மூட்டு வலி என்று கடையில் கேட்டு வாங்கி போடுவது ஆபத்து.

சாம்பாரில் கலந்து...

"சாப்பிட மாட்டேங்கிறான்" என்று சாப்பாட்டில் ரகசியமாக கலக்கும் குடும்பங்களும் உண்டு. குட்டு வெளிப்பட்டால், "விஷம் வைக்கிறாங்க" என்ற சந்தேகம் நோயாளிக்கு உறுதியாகி விடும். அதற்கு பதில் டாக்டரிடம் கேளுங்கள். மாதம் ஒரு முறை போடும் ஊசிகூட இருக்கிறது.

ஏர்வாடி பாடம்

மருந்தை நம்பாமல் சங்கிலியை நம்பினால் என்ன ஆகும் என்பதை தமிழ்நாடு 2001-ல் பார்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டு இருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் பலி!

மனநோயாளியை சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநல சட்டம் தடை செய்கிறது.

எங்கே போவது?

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியிலும், அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். 14416 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

ஒரு வேளை மாத்திரை மறந்து போனால், மறு வேளைக்கு இரண்டாக போடாதீர்கள். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலை அல்ல!