வாசலை மூடினால் உலைக்கு என்ன வழி?

ஊரடங்கு, முகாம், பாஸ் ஆகிய சொற்களை எமது பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது, அவர்கள் பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெயும் மாவும் வாங்கக் கடைக்கு ஓடினார்கள். தொற்றுநோய் பரவும்போது போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யார், எந்த முறையில், யாருடைய வயிற்றை வைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குச் சீகிரியாவில் வலுத்தது. 2023இல் கணவனை இழந்த பெண்களின் குழுவொன்றுடன் அங்கே சென்றிருந்தோம். குன்றடியில் மரச் சிற்பம் விற்கும் சிங்களப் பெண் ஒருவர், பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் எங்களோடு கதைத்தார். அவருடைய கணவர் சுற்றுலா வழிகாட்டி. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் நோய் உறுதியான முதல் இலங்கையரும் ஒரு சுற்றுலா வழிகாட்டிதான். அந்தச் செய்தி வந்ததும், அந்த வேலை செய்யும் எல்லோரையும் ஊர் ஒரு மாதிரிப் பார்த்ததாம். இவருடைய கணவருக்கு நோய் இல்லை. ஆனாலும் பொதுக் கிணற்றில் இவர் தண்ணீர் அள்ளினால் மற்றவர்கள் விலகி நின்றார்களாம். விமான நிலையம் 2021 ஜனவரி வரை சுற்றுலாப் பயணிகளுக்குப் பொதுவாகத் திறக்கப்படவில்லை. வழிகாட்டி, ஜீப் ஓட்டுநர், இளநீர் விற்பவர் என்று குன்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஊரடங்கு தளர்ந்தபின்னும் உழைப்பில்லை. "காதுத் தோட்டை விற்றுச் சாப்பிட்டோம்" என்றார். எங்களோடு வந்த முல்லைத்தீவு அக்கா ஒருவர் தன் வெறுங்காதைத் தொட்டுக் காட்டினார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சீகிரியாவிலிருந்து இனாமலுவச் சந்திக்கு வந்து தம்புள்ளைப் பக்கம் திரும்பினால், மாத்தளைக்குப் போகும் பழைய பாதை வரும். இன்று எமது விவசாயிகளின் மரக்கறி லொறிகள் போகும் இடமாகவே தம்புள்ளையை அறிவோம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து, நூற்றுக்கு மேற்பட்ட மைல் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை. நோய்க்குப் பயந்து வீதியோரக் கிராமத்தவர் அவர்களை அண்டவிடவில்லை. அவர்களையும் முற்றாகக் குறைசொல்ல முடியாது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நடந்து வந்தவர்களுக்குக் கூடாரமும் கிணறும் மருந்தும் கொடுக்கவேண்டிய அரசும் தோட்டத் துரைமாரும்தான் ஆண்டுக்கணக்கில் தாமதித்தார்கள்.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. அடுத்த ஆண்டே இலங்கையில் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியபின், தோட்டங்களுக்கு வருபவர்களை இந்தியக் கரையில் மண்டபத்திலேயே மறித்து வைத்து, அம்மைப்பால் குத்தி, சோதித்து அனுப்ப இலங்கை அரசு முகாம் நடத்தியது. ஆம் சகோதரிகளே, எம்மில் பலர் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்ட அதே மண்டபம்தான். 2022இல் பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்தவர்களும் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் 2020இலும் கையிலெடுத்தார்கள். அதற்குப் பொறுப்பான செயற்பாட்டு மையத்தின் தலைவராக இராணுவத் தளபதி நியமிக்கப்பட்டார். தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றை இராணுவமே நடத்தியது. சில மாதங்களில் ஊரடங்கை மீறியதாக 60,000 பேருக்கு மேல் கைதானார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய் பரவியபோது, விடுதிகளில் இருந்த பெண் பிள்ளைகளை எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லாமலே இரவில் பஸ்ஸில் ஏற்றியதாக முறைப்பாடுகள் எழுந்தன. காணாமற்போனவர்களைத் தேடும் ஒரு தாய்க்கு அந்தக் காட்சி எப்படித் தெரிந்திருக்கும்? பாலர் பள்ளி மைதானத்தில் சீருடையைக் கண்ட உடனேயே, காய்ச்சல் வந்த பிள்ளையை அறைக்குள் ஒளித்த பெண்ணை நான் அறிவேன். ஜனாசாக்களை எரிக்கும் கட்டாயம் 2021 பெப்ரவரி வரை நீடித்ததால், முஸ்லிம் சகோதரிகள் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகவே அஞ்சினார்கள். பயத்தால் மறைக்கப்படும் நோய் கூடுதலாகவே பரவும்.

எமது அம்மம்மாமாருக்குத் தனிமைப்படுத்தல் புதிதல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வீட்டார் பிறர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். தண்ணீர் வார்த்து முடியும்வரை வெளியாட்களும் உள்ளே வரமாட்டார்கள். அம்மனின் கோபம் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. தடுப்பூசியை விட்டுவிட்டு வேப்பிலையை நம்பச் சொல்லவுமில்லை. ஆனால் அங்கே இளநீரும் மோரும் படலையடியில் வைத்துவிட்டுப் போக ஓர் அயலவர் இருந்தார். வீட்டை மூடியவர்களே அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். 2020இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபா கொடுத்தது. பட்டியலில் பெயர் இல்லாத பெண் தலைமைக் குடும்பங்கள் கிராம சேவகரின் வாசலில் நின்றதை நாங்கள் கண்டோம். நீதிமன்றங்கள் மூடியிருந்ததால் தாபரிப்புப் பணமும் பலருக்குக் கைக்கு வரவில்லை. அடிக்கும் கணவனோடு 24 மணிநேரமும் பூட்டப்பட்டிருந்தவர்களின் கதை வேறு.

இன்னொரு நோய் வந்து உங்கள் வீட்டில் அறிவித்தல் ஒட்டப்பட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். எத்தனை நாள், எந்தத் திகதியில் முடியும், எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். உலர் உணவு, பால்மா, பெரியவர்களின் மாதாந்த மருந்து, மாதவிடாய்த் துணி ஆகியவற்றைக் கொண்டுவருபவர் யார் என்று கேளுங்கள். வேறிடம் கொண்டுபோவதானால் இடத்தின் பெயரை வீட்டிலிருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பெண் உத்தியோகத்தர் ஒருவர் கூட வரட்டும். வீட்டுக்குள் வன்முறை என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சீகிரியா போய்வந்த குழுவினர் பிடியரிசி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே போகும். அது விற்பதற்கோ கடன் கொடுப்பதற்கோ அல்ல; அறிவித்தல் ஒட்டப்படும் வீட்டுக்கு. அந்த முல்லைத்தீவு அக்காவின் குசினியில் இப்போது இரண்டு வாளி நிறைந்திருக்கிறது. வண்டு பிடிக்காமல் இருக்க மூன்று மாதத்துக்கொருமுறை முன்பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறார்கள்.