திரைப்படத் தேர்வில் கணக்கும் மனிதரும்

இணையத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான திரைப்படங்கள் இன்று வீட்டிலேயே காணக் கிடைக்கின்றன. எனினும் ஒருவர் ஓர் இரவில் காணக்கூடியது பெரும்பாலும் ஒரு படமே. அதைத் தேர்ந்து கூறும் முறைகள் இரண்டு. படங்களை நன்கறிந்தவர் பரிந்துரைப்பது ஒன்று. பலருடைய ரசனையை ஒப்பிட்டுக் கணிப்பொறி ஊகித்துக் கூறுவது மற்றொன்று.

பின்னதன் அடிப்படை எளிது. இருவர் இருபது படங்களுக்கு ஏறக்குறைய ஒரேவிதமாக மதிப்பெண் அளித்துள்ளனர் எனக் கொள்வோம். வேறொரு படத்தை அவர்களுள் ஒருவர் மட்டும் கண்டு மகிழ்ந்திருப்பின், மற்றவரும் அதை விரும்பக்கூடும். இவ்வாறு ஊகிக்கக் கணிப்பொறி கதையையோ நடிப்பையோ அறிய வேண்டுவதில்லை.

இம்முறையைச் செம்மைப்படுத்த அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரில் ஒரு போட்டியை அறிவித்தது. தனது கணிப்பிலுள்ள பிழையை 10 சதவிகிதம் குறைப்போருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றது. 17,770 படங்களுக்கு 4,80,000க்கு மேற்பட்டோர் அளித்திருந்த 10 கோடிக்கும் அதிகமான மதிப்பெண்கள் போட்டியாளருக்குத் தரப்பட்டன. 2009 செப்டம்பரில் பரிசு பெற்ற குழு பிழையை 10.06 சதவிகிதம் குறைத்திருந்தது. ஐந்து நட்சத்திர அளவுகோலில் ஏறக்குறைய 0.95 ஆக இருந்த பிழை 0.86 ஆயிற்று. மூன்றாண்டு உழைப்பின் பயன், ஒரு நட்சத்திரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு!

ஆயினும் வென்ற முறை முழுவதையும் நிறுவனம் கையாளவில்லை. போட்டியின் முற்பகுதியில் கிடைத்த இரு கணித உபாயங்களையே ஏற்றது. எஞ்சியவற்றை நடைமுறைப்படுத்தும் உழைப்புக்குத் தக்க பயன் இல்லை என்பது அதன் முடிவு.

கணக்கிற்கு வேறு எல்லைகளும் உண்டு. ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற 2004ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம் போட்டியாளரைத் திணறடித்தது; மற்றப் படங்களில் ஒத்த ரசனையுடையோரும் இதில் இரு கூறாகப் பிரிந்தனர். மேலும், எவரும் மதிப்பிடாத புதிய படத்தைப் பற்றி மதிப்பெண்களிலிருந்து ஏதும் கூற இயலாது. படங்களைப் பார்த்து அவற்றின் இயல்புகளைக் குறித்து வைக்க நெட்ஃபிளிக்ஸும் மனிதரையே அமர்த்தியது.

மனிதத் தேர்வையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது, 2007இல் தோன்றிய மூபி நிறுவனம். நாள்தோறும் ஒரு படத்தைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் முப்பது நாள் வைத்திருந்து நீக்குவது அதன் வழக்கமாக இருந்தது. 2020இல் நிலையான தொகுப்பொன்றையும் இணைத்தது. இம்முறைக்கும் குறையுண்டு: தேர்ந்தெடுப்பவரின் சார்பு பட்டியலில் படியும், இலட்சக்கணக்கானோரின் தனித்தனி விருப்பத்தை அவர் அறிய முடியாது.

ஆகவே, இரண்டின் பணியும் ஒன்றன்று. ஒருவர் முன்பு விரும்பியதை ஒத்ததைக் கணக்கு தேடித் தருகிறது. இதுவரை அறியாத ஒன்றையும் அவர் காண்பது நலம் என்று தீர்மானிப்பதோ, படத்தையும் பார்ப்பவரையும் அறிந்தவரின் பணி. மாணவருக்குப் படத்தையோ நூலையோ தேர்ந்தளிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மாணவர் ஏற்கெனவே விரும்புவதை மட்டும் அளித்து வந்தால், அவருடைய ரசனை வளர வழியின்றிப் போகும்.