பரண் மேல இருக்கா தாத்தா குரல்?

சோனி 1979-ல் விட்ட முதல் வாக்மேன் பாடும், பதிவு செய்யாது. பின்னால் வந்த ரெக்கார்டர் மாடல்களை பர்மா பஜாரில் வாங்கி, தாத்தா பேச்சையும் தெருக் கானாவையும் பிடித்து வைத்த வீடுகள் வடசென்னையில் உண்டு. உங்க வீட்டிலும் அப்படியொரு கேசட் கிடக்கிறதா? உடனே பிளேயரில் போட்டுடாதீங்க!

ஈரக்காற்றில் நாடா பூஞ்சை பிடிக்கும். (இரும்பு மார்க்கெட் இருக்கும் சாத்தாங்காட்டுக்காரர்களுக்கு ஈரம் என்ன செய்யும்னு தெரியாதா?) வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், முதுகுப்பக்கம் உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். ரெக்கார்டு பட்டன் தவறி அமுங்கினாலும் குரல் அழியாது.

பழைய பிளேயரில் ரப்பர் பெல்ட் தளர்ந்து நாடாவைச் சுருட்டும். முதலில் போனால் போகட்டும் என்கிற சினிமா கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து, இலவச 'ஆடாசிட்டி'யில் பதியலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடமும் உட்காரணும். தாத்தா அவசரப்பட மாட்டார்.