வடிவக்கணித அச்செழுத்தும் வேறுபடுத்தும் திறனும்

ஓர் எழுத்து பிற எழுத்துகளிலிருந்து வேறுபட்டு நிற்பதாலேயே பயன் தருகிறது. ஒலியனுக்குரிய இந்நெறி வரிவடிவத்திற்கும் பொருந்தும். வடிவக்கணித அச்செழுத்தில் இந்நெறி எந்த அளவு பேணப்படுகிறது என்பதை ஃபியூச்சரா என்னும் உரோமன் எழுத்துருவைக் கொண்டு காணலாம்.

பால் ரென்னர் வரைந்த இதனை பிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. கோட்டு முனைகளில் குறுங்கோடுகள் இல்லை. வட்டமும் நேர்கோடும் முக்கோணமுமே அடிப்படை. எனினும் கண்ணுக்குச் சீராகத் தோன்றும்பொருட்டு, வளைவு கோட்டைச் சேருமிடத்தில் மெலிக்கப்பட்டது.

சிறிய ஏ, டி, க்யூ ஆகிய மூன்றும் இங்கு வட்டமும் அதன் வலப்புறக் கோடுமே. கோட்டின் நீளமும் திசையுமே அவற்றைப் பிரிக்கின்றன. சிறிய எல்லையும் பெரிய ஐயையும் உயரம் ஒன்றே பிரிக்கிறது.

தலைப்பிலும் விளம்பரத்திலும் இதனால் இடரில்லை, சொற்சூழல் துணைநிற்கும். அப்போலோ 11 கலத்தினர் 1969இல் நிலவில் விட்டுவந்த பலகையின் வாசகமும் இவ்வெழுத்தின் பெரிய வடிவங்களால் ஆனதே.

ஒலிபெயர்ப்பில் நிலைமை வேறு. அனைத்துலக ஒலியெழுத்து முறையில், மேலே கொக்கியுடைய ஏ வடிவம் முன் அங்காப்புயிரையும், கொக்கியற்ற வடிவம் பின் அங்காப்புயிரையும் குறிக்கும். பிரெஞ்சின் மரபு உச்சரிப்பில் இவ்விரண்டும் வெவ்வேறு ஒலியன்கள். ஃபியூச்சராவின் ஏ கொக்கியற்றது. ஆகவே முன்னுயிர் பின்னுயிராகப் படிக்கப்படும். இதனை மெய்ப்புத் திருத்துநரும் கவனிக்கத் தவறக்கூடும்.

எனவே அகராதியின் அட்டைக்கு இவ்வெழுத்து ஏற்றது. உச்சரிப்புக் குறிப்புக்கு ஏற்றதன்று.