பசி சேர்த்துவைக்கும் இலைக்கன்

பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பற் பச்சையாகப் படரும் இலைக்கன் தனியொரு தாவரமன்று. பங்கசும் அல்காவும் சேர்ந்த கூட்டுவாழ்வு. அல்கா ஒளித்தொகுப்பால் உணவு தருகிறது, பங்கசு உறைவிடமாகிறது. இவற்றைப் பிரித்தால், மீண்டும் சேர்க்கலாமா?

1966இல் அமெரிக்க விஞ்ஞானி வேர்னன் அஹ்மட்ஜியன், கிளடோனியா என்னும் இனத்து இலைக்கன் ஒன்றை ஆய்வுகூடத்தில் அவ்வாறு உருவாக்கியதாக அறிவித்தார். போசணை நிறைந்த ஊடகத்தில் பங்கசும் அல்காவும் தனித்தனியே வளர்ந்தன. போசணை குறைந்து, ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தபோதே இணைந்தன.

ஆயினும் ஆய்வுகூட இலைக்கன்கள் பெரும்பாலும் சிறு செதில்களாகவே நின்றுவிடுகின்றன; இயற்கையின் முழு வடிவத்தை அரிதாகவே எட்டுகின்றன. இயற்கையில் பங்காளிகளும் அதிகம்: பல இலைக்கன்களின் புறப்படையில் மதுவமும் வாழ்வது 2016இல் தெரியவந்தது.

தோழியரே, பாறையில் படர்ந்ததைச் சுரண்டிவிடாதீர்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளர்ந்த அதனை ஆய்வுகூடம் திருப்பித் தராது.